பெரிய முதலாளியின் தாடி

1

ஊர்ப்பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி வெடித்தால், இங்கே இங்கிலாந்தின் லெஸ்டரில் நான் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது செய்தி வந்து சேரும். அங்கே வேலை மும்முரமாக நடக்கிற பொழுதுதான் இங்கே விடிகிற பொழுது. முதலில் ஒரு வீடியோ வரும். பனைகளுக்குப் பின்னால் வெள்ளைப் புகை, படம் பிடிப்பவரின் கை நடுக்கம், யாரோ ஒரு பெண் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு ஓடுவது. பிறகு எழுத்தில் செய்தி வரும். அதில் ‘உராய்வு’ என்ற சொல் கட்டாயம் இருக்கும். மருந்து கலக்கும்போது ஏற்பட்ட உராய்வு காரணமாக. துணியும் சதையுமாக வேலிக்கருவையில் தொங்குகிறார்கள் மனிதர்கள், காரணம் என்னவென்றால் உராய்வாம். எழுதியவனைப் பிடித்து நாலு அறை விடலாம் என்று வரும் எனக்கு.

போன மாதமும் அப்படி ஒரு வீடியோ வந்தது. வாயில் நுரையோடு தம்பி மாரிச்சாமியைக் கூப்பிட்டேன். விஸ்வநத்தத்தில் எங்கள் அப்பா வேலை பார்த்த அதே கம்பெனியில் அவன் மருந்து கலக்குகிறான்.

“ஏலே, எங்கன இருக்க?”

“வீட்லதாண்ணே. நம்ம கம்பெனி இல்ல. ஆனைக்குட்டம் ரோட்டுல. சத்தம் கேட்டதும் எங்களையும் வெளிய அனுப்பிட்டாக.”

“தெரிஞ்ச ஆளுகளாலே?”

“மூஞ்சியே இல்லண்ணே. ஒருத்திய, கால்ல இருந்த தழும்ப வச்சுத்தான் அடையாளம் சொன்னாக.”

அந்த அறையை விட்டுத் தொலை, வேறு ஏதாவது வேலை பார் என்று எப்போதும் போலக் கத்தினேன். அவன் எப்போதும் போலச் சிரித்தான். “எனக்கு ஒண்ணும் ஆகாதுண்ணே. அப்பா காவல் இருக்காக” என்று சட்டையைத் தூக்கி போனை இடுப்புக்குக் கொண்டுபோனான். அரைஞாண் கயிற்றில் எங்கள் அப்பாவின் மெடல் தொங்கியது. வழுக்கி விழாமலிருக்க, பெரிய இரும்பு ஊக்கு ஒன்றைப் போட்டு அதைக் கயிற்றோடு மாட்டியிருந்தான்.

“இதைப் போட்டுக்கிட்டா ரூமுக்குள்ள போற?”

“பின்ன? வீட்ல வச்சிட்டுப் போனா காவலா?”

மருந்து அறை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அதற்குள் இரும்பு போகக் கூடாது, உரசினால் பொறி கிளம்பும். செருப்பு கூடாது, நைலான் துணி கூடாது. வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே காலை வைக்க வேண்டும். ஃபோர்மேன் பீடி, தீப்பெட்டி, செல்போன் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். அரைஞாணை யார் தடவுவார்கள்? என் தம்பி வெடிமருந்துக் குவியலுக்கு முன்னால் குத்தவைத்து உட்காருகிறான், அவன் தொடைக்கும் தரைக்கும் நடுவில் ஒரு இரும்பு ஊக்கு ஆடிக்கொண்டிருக்கிறது.

கழற்று என்றேன், கெஞ்சினேன், கெட்ட வார்த்தை சொன்னேன். ஃபோர்மேனுக்குப் போன் போடுவேன் என்று மிரட்டினேன். “சொல்லிப் பாருங்க. என் வேலை போகும். அதோட எனக்கு அண்ணனே இல்லன்னு ஆயிரும்” என்று வைத்துவிட்டான். நான் குளியலறைக் கதவை உதைத்தேன். கீல் பெயர்ந்து வந்தது. மகள் நிலா அவள் அறையைத் தாழிட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.

2

அந்த மெடல் எங்கள் கம்பெனியின் வெள்ளி விழாவில் கொடுக்கப்பட்டது. ரொம்ப வருஷம் ஒழுங்காக உழைத்த சில ஆட்களை மேடையேற்றி, முதலாளி தன் கையாலேயே சட்டையில் குத்தினார். கனமான வெள்ளிவட்டு, மேலே நாடாவைக் கோக்க ஒரு கம்பி, சிவப்பு நாடா, விளிம்பில் ‘முத்துக்கருப்பன்’ என்று அப்பா பெயர் ஆங்கில எழுத்தில். ஒரு பக்கம் ஏதோ ஆங்கில வாசகம். மறுபக்கம் தாடி வைத்த ஒரு பெரிய மனிதரின் தலை.

அது பெரிய முதலாளி, கம்பெனியைத் தொடங்கியவர் என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். ஆபீசில் மாலை போட்டு மாட்டியிருந்த அவருடைய படத்தில் தாடி கிடையாது. அதனால் என்ன? பழனிக்கு நேர்ந்துகொண்டு இளவயதில் வளர்த்த தாடி என்று யாரோ சொல்ல, அதுவே நிலைத்துவிட்டது. மெடல் வாங்கிய வீடுகளில் வெள்ளிக்கிழமை தோறும் அந்தத் தாடிக்குச் சந்தனம் வைத்தார்கள். எங்கள் வீட்டிலும் வைத்தோம். அப்பா அதை மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருப்பார். நாங்கள் தொட்டால் முதுகுத்தோல் உரியும்.

இங்கே வந்து பஸ் ஓட்ட ஆரம்பித்த காலத்தில், ஒரு சனிக்கிழமை மழைக்கு ஒதுங்க ஒரு சர்ச் மண்டபத்துக்குள் நுழைந்தேன். உள்ளே மெடல் சந்தை. மேஜை மேஜையாகப் பழைய பட்டாளத்து மெடல்களைப் பரப்பி வைத்துக் கிழவர்கள் பூதக்கண்ணாடியோடு குனிந்திருந்தார்கள். ஒரு மேஜையில் எங்கள் பெரிய முதலாளி வரிசையாகப் படுத்திருந்தார். அதே தாடி, அதே வாசகம். குனிந்து ஒன்றைக் கையில் எடுத்தேன்.

மேஜைக்காரர் பெயர் கீத். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். “இது யார்?” என்று கேட்டேன். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் என்றார். வாசகத்தைப் படித்துப் புரிந்துகொள்ள எனக்கு அப்போது தெரியும்: நீண்ட சேவைக்கும் நன்னடத்தைக்கும். ராணுவத்தில் கெட்ட பேர் எடுக்காமல் பல வருஷம் கழித்த சிப்பாய்க்குக் கொடுப்பது. “எங்கள் ஆட்கள் இதற்கு வேறு பெயர் சொல்வார்கள். இத்தனை வருஷம் மாட்டிக்கொள்ளாமல் செய்த குற்றங்களுக்கு” என்று கண்ணடித்தார் கீத்.

அப்பாவின் மெடல் கதையைச் சொன்னேன். கீத் சிரிக்கவில்லை. உங்கள் முதலாளி எங்கோ பழைய வெள்ளிக்கடையில் ஒரு மூட்டை மெடலை எடைக்கு வாங்கியிருக்க வேண்டும், விளிம்பில் இருந்த சிப்பாய்களின் பெயரை அரத்தால் ராவிவிட்டு உங்கள் ஆட்களின் பெயரைப் பொறித்திருக்கிறார் என்றார். பெயர் ராவிய மெடலைச் சேகரிப்பவர்கள் தொடக்கூட மாட்டார்களாம். ஊரில் யாரிடமும் நான் இதைச் சொல்லவில்லை.

அன்றைக்கே ஒன்று வாங்கினேன். அதன் பிறகு விடவில்லை. நீண்ட சேவை மெடல்களுக்கு ஒரு பெட்டி. அதற்கும் மேலே, தனித்துச் சொல்லும்படி உழைத்தவர்களுக்குக் கொடுக்கும் சிறப்புச் சேவை மெடல்களுக்கு இன்னொரு பெட்டி. இரண்டாவது வகையின் நாடாவில் இரு ஓரங்களிலும் போக நடுவிலும் ஒரு வெள்ளைக் கோடு ஓடும். வெள்ளைக்காரன் மெடலை ஒரு கறுப்பன் சேர்க்கிறானே என்று சந்தையில் சிலர் பார்ப்பதுண்டு. சேர்த்தால் உனக்கென்னடா என்று நானும் பார்ப்பேன். விளிம்பைத் தடவிப் பெயர் ராவப்பட்டிருக்கிறதா என்று சொல்வேன். எங்கே அடிபட்டிருக்கிறது, கம்பி வளைந்திருக்கிறதா என்று பார்ப்பேன். அடிபட்ட மெடலுக்குக் கதை இருக்கும் என்பார் கீத், ஆனால் மதிப்பு இருக்காது.

அன்று தம்பி இடுப்பைக் காட்டியபோதும் பழக்கதோஷத்தில் என் கண் அங்கேதான் போயிற்று. அப்பாவின் மெடலில் கம்பி நன்றாக ஒரு பக்கம் வளைந்திருந்தது.

3

அப்பா மருந்து அறையில் எப்படி இருப்பார் என்பதை ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். தூக்குச்சட்டி கொண்டுபோய்த் தூரத்தில் நின்று பார்த்தது. சல்லடையைப் பிள்ளையைத் தொட்டிலில் போடுவது போல இறக்கி வைத்தார். எதையும் இழுக்கவில்லை, தூக்கித்தான் நகர்த்தினார். கால் தேய்த்து நடக்கவில்லை. தும்மல் வந்தால்கூட வெளியே வந்து தும்மினார். பக்கத்தில் ஒருத்தன் கை தவறி மரக்கரண்டியைப் போட்டபோது, “மெதுவாய்யா, மெதுவா” என்று சொன்ன குரல் எங்கள் வீட்டில் யாரும் கேட்டறியாத குரல்.

வீட்டில் அவர் கதவைச் சாத்தினதாக எனக்கு நினைவே இல்லை, அறைந்துதான் மூடுவார். சட்டியை எறிவார். முக்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு உட்காருவார். பகலெல்லாம் அடக்கிவைத்த கையும் காலும் சாயங்காலம் அவிழ்த்துவிட்ட மாடு போல வரும். சோற்றில் கல் இருந்தால் அடி. கல் இல்லாவிட்டால் குழம்பு ஆறியதற்கு அடி. அம்மா பேச்சியம்மாள் அதே கம்பெனியில் லேபிள் ஒட்டுகிறவள். பசை காயாத கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு சுவரோரம் குத்தவைத்திருப்பாள். தெருவில் யாரும் வந்து கேட்டதில்லை. மருந்து ரூம் ஆளுக அப்படித்தான் என்று அதற்கு ஒரு நியாயமும் இருந்தது.

என் அம்மாவை அடித்த மனுஷனை எனக்குப் பிடிக்காது. செத்துப்போன பிறகும் பிடிக்கவில்லை. ஆனால் ஒன்று, அத்தனை வருஷம் அந்த அறைக்குள் இருந்தும் உடம்பில் ஒரு கொப்புளம் இல்லாமல் கட்டிலில் படுத்து நெஞ்சுவலியில் செத்தார். எங்கள் பக்கத்தில் அது அதிசயம். சின்னவனான மாரி அந்த அதிசயத்துக்குக் காரணம் தேடினான். மெடல் கிடைத்தது.

நான் பெரிய யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. பஸ்ஸில் நிற்கிற கிழவி தள்ளாடாதபடி பிரேக்கை மிதித்துப் பழகியவன் நான். வீட்டுக்கு வந்தால் அலமாரிக் கதவு என் கையில் பிழைப்பதில்லை. யாரையும் கை நீட்டியதில்லை என்று மனைவி ரேவதியிடம் பெருமையடித்துக்கொள்வேன். “அடிக்கிற சத்தமே போதும்” என்பாள் அவள்.

4

லீவு கேட்டுப் போனபோது மேலாளர்ப் பெண் கணினியைப் பார்த்துக்கொண்டே காரணம் கேட்டாள். குடும்பத்தில் மரணமா? இன்னும் இல்லை. கடும் நோயா? இல்லை. தம்பி இடுப்பில் இருந்து ஒரு மெடலைக் கழற்ற வேண்டும் என்பதற்கு அவர்கள் படிவத்தில் கட்டம் இல்லை. சம்பளமில்லாத லீவு வாங்கிக்கொண்டு விமானம் ஏறினேன். நிலாவை வருகிறாயா என்று கேட்டேன். வெடிக்கிற ஊருக்கு நான் ஏன் வரவேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். நியாயமான கேள்விதான்.

மதுரையில் இறங்கி விருதுநகர் வழியாக விஸ்வநத்தம் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். தீபாவளி சீசன், தெருவெல்லாம் லோடு ஏற்றுகிற வண்டிகள். மாரி வேலை முடிந்து வந்து முற்றத்துத் தொட்டியடியில் குளித்துக்கொண்டிருந்தான். உடம்பெல்லாம் அலுமினியப் பவுடர் மினுங்கியது. என்னைப் பார்த்ததும், “வாங்கண்ணே, சொல்லாம கொள்ளாம வந்திருக்கீக!” என்று வாயெல்லாம் பல்லாக எழுந்து நின்றான். ஈரத்துண்டுக்கு மேலே மெடல் ஆடியது.

சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்றுதான் விமானம் முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். அதைப் பார்த்ததும் எல்லாம் போயிற்று. பையைப் போட்டுவிட்டு நேரே போய் அதைப் பற்றி இழுத்தேன்.

“விடுங்கண்ணே!”

“கழத்துலே!”

கயிறு அறவில்லை. அவன் இடுப்புச் சதையில் அறுத்துக்கொண்டு இறங்கியது. வலியில் ஒரு சத்தம் போட்டவன் கையிலிருந்த செம்பால் என் நெற்றியில் அடித்தான். கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. நான் அவன் கழுத்தைப் பிடித்தேன். இருவரும் வழுக்கி விழுந்தோம். சோப்புத் தண்ணீரிலும் சேற்றிலும் புரண்டு புரண்டு அடித்துக்கொண்டோம். அவன் என் விலாவில் முழங்காலால் இடித்தான். நான் அவன் தலைமயிரைப் பிடித்துத் தொட்டி விளிம்பில் மோதினேன். அவனைக் காப்பாற்ற வந்தவன் நான். அந்த நேரத்தில் அவன் மண்டை உடைந்தாலும் பரவாயில்லை, அது என் கைக்கு வர வேண்டும் என்றிருந்தது. அப்பாவின் ஆத்திரம் எவ்வளவு சுகமானது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

“நீ அங்கன போயி வெள்ளக்காரன் மெடல பெட்டி பெட்டியா சேப்ப! எங்கப்பன் சம்பாதிச்சது ஒண்ணு எங்கிட்ட இருக்கது உனக்குப் பொறுக்கலையாலே?” என்று மாரி கத்தினான். ‘நீங்க’ போய் ‘நீ’ வந்துவிட்டது, ‘லே’யும் வந்துவிட்டது. “அப்பா மேல ஒரு பொறி பட்டுச்சா? சொல்லு! பட்டுச்சா?”

“என் மேல பட்டுச்சுலே” என்றாள் அம்மா.

5

அவள் எப்போது வாசற்படிக்கு வந்தாள் என்று தெரியாது. எங்களை விலக்கிவிட அவள் வரவில்லை. அடிதடியைப் பார்த்து அவளுக்குப் பதற்றமும் இல்லை. எவ்வளவு பார்த்தவள். கீழுதட்டை விரலால் இழுத்துக் காட்டினாள். முன்வரிசையில் பல் இல்லாத இடம். குழாயடியில் வழுக்கி விழுந்து போன பல் என்றுதான் நாங்கள் இருவரும் கேட்டு வளர்ந்தது.

“இது எதுல போச்சுன்னு தெரியுமால உங்களுக்கு? உங்கப்பனுக்கு மேடையில வச்சுக் குத்திவிட்டாகல்ல, அன்னைக்கு. வீட்டுக்கு வந்து கழத்தி என் கையில குடுத்தாரு. ‘பாத்தியா, பெரிய முதலாளி’ன்னாரு. நான் தெனமும் ஆபீஸ்ல படத்துக்குக் கீழதான நின்னு பேரு குடுத்துட்டு உள்ள போறவ? எனக்குத் தெரியாதா அந்த மூஞ்சி? வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ‘பெரிய முதலாளிக்குத் தாடி ஏது? இது வேற யாரோ’ன்னு சொல்லிட்டேன்.”

மாரி சேற்றில் உட்கார்ந்தபடி அவளையே பார்த்தான்.

“அம்புட்டுத்தாம்லே சொன்னேன். கையில இருந்து பிடுங்கி, அதையே கைக்குள்ள வச்சுக் குத்தினாரு. பல்லு அங்கன விழுந்துச்சு, ரத்தம் இங்கன கொட்டுச்சு. அப்புறம் அவரு விளக்கடியில உக்காந்து கம்பி வளைஞ்சு போச்சேன்னு நிமித்திக்கிட்டு இருந்தாரு. என் வாயப் பாக்கல. அதத்தான் நீ காவல்னு இடுப்புல கட்டியிருக்க. கட்டிக்கிட்டுப் போய்யா. எனக்கென்ன.”

“அது இங்கிலாந்து ராசாம்மா. நீ சொன்னதுதான் சரி” என்றேன். எனக்கு அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தச் சர்ச் மண்டபத்துக்குப் போய் நான் தெரிந்துகொண்டதை அவள் படத்தடியில் நின்றே தெரிந்துகொண்டிருக்கிறாள், அதற்குப் பல்லையும் கொடுத்திருக்கிறாள்.

“எவனா இருந்தா என்ன” என்றாள்.

மாரி ஊக்கைத் திறக்கப் பார்த்தான். சோப்பு விரலில் அது வழுக்கியது. அரிவாள்மணையை எடுத்து வந்து, அப்படியே கயிற்றோடு அறுத்து அம்மா காலடியில் வைத்தான். “எனக்கு யாரும் சொல்லலியேம்மா” என்று சின்னப் பிள்ளையாக அழுதான்.

அம்மா அதை எடுத்தாள். முற்றத்து ஓரத்தில் இருந்த அம்மிக்குப் போனாள். மெடலை அம்மியில் வைத்து, குழவியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினாள். என் அம்மா எதையும் ஓங்கி நான் பார்த்ததில்லை. அறையிலிருந்து அறைக்குப் பூனை மாதிரி நடந்து காலத்தை ஓட்டியவள். முதல் அடியில் அம்மியிலிருந்து கல்பொறி தெறித்தது. தெருவில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் வெடிதான் வெடித்துவிட்டது என்று திரும்பினார்கள். அவள் நிறுத்தவில்லை. தாடி போயிற்று, மூக்கு போயிற்று, நீண்ட சேவையும் நன்னடத்தையும் போயிற்று. விளிம்பில் இருந்த பெயர் நசுங்கி உள்ளே போயிற்று. “குடிக்கத் தண்ணி குடுத்தேனே… சோறு குடுத்தேனே… ரெண்டு பிள்ள குடுத்தேனே…” என்று அடிக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டே அடித்தாள். கை ஓய்ந்து குழவி நழுவிய பிறகுதான் நாங்கள் இருவரும் போய் அவளைப் பிடித்தோம்.

மூச்சு வாங்கிக்கொண்டே அந்தத் தகட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். “இந்தா. நீதான் இதெல்லாம் சேக்கிறவன். பெட்டியில வச்சுக்க.”

மறுநாள் மாரி வேலைக்குப் போனான். போகாதே என்றேன். சீசனில் ஆர்டரை விட்டுவிட்டு நின்றால் நாளைக்கு வாசலில் சேர்க்க மாட்டார்கள் என்றான். கம்பெனி வாசல் வரைக்கும் கூடவே நடந்தேன். உள்ளே போகும் முன், வேட்டி மடிப்புக்குள் கையை விட்டு வெறும் இடுப்பைத் தடவிப் பார்த்தான். “அண்ணே, இம்புட்டு நாளும் இப்படி இருந்ததில்ல. கையெல்லாம் வேர்க்குது” என்றான். சாயங்காலம் அவன் வெளியே வருகிறவரைக்கும் எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். நெற்றித் தையலைப் பார்த்துக் கடைக்காரர் என்னவென்று கேட்டார். உராய்வு என்றேன்.

6

லெஸ்டர் திரும்பியதும் கொண்டுபோய்க் காட்டினேன்; கீத் அந்தத் தகட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். “எந்தப் போரில் இப்படி ஆயிற்று?” என்று கேட்டார். சொன்னேன். சேகரிப்பாளர் ஒருவர் முன்னால் ஒரு மெடலை அம்மியில் வைத்துத் தட்டிய கதையைச் சொல்வது, தயிர்க்காரியிடம் பானை உடைந்த கதையைச் சொல்கிற மாதிரி. ஆனால் அவர் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு பெட்டிக்குள் துழாவி, நடுவில் வெள்ளைக் கோடு ஓடுகிற நாடாத் துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டில் அதை நீண்ட சேவைப் பெட்டியில் வைக்கவில்லை, சிறப்புச் சேவைப் பெட்டியில் வைத்தேன். கீழே துண்டுச்சீட்டில் ‘பேச்சியம்மாள்’ என்று எழுதிக்கொண்டிருந்தபோது நிலா எட்டிப் பார்த்து, இது ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டாள். முழுக்கச் சொன்னேன், தொட்டி விளிம்பில் சித்தப்பா தலையை மோதியது வரைக்கும். கேட்டுவிட்டு, “எனக்கு இந்த வீட்டில் கதவுச் சத்தம்தான் பயம். உங்களுக்குத் தெரியுமா?” என்றாள். தமிழில்தான் கேட்டாள். திட்டும்போதுகூட ஆங்கிலத்தில் திட்டுகிற பிள்ளை.

நேற்றுக் காலை மறுபடியும் வீடியோ வந்தது. வெள்ளைப் புகை, ஓடுகிற கால்கள். மாரிக்குப் போட்ட போன் நெடுநேரம் அடித்துக்கொண்டே இருந்தது. சமையலறை அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவன் எடுத்தான்.

“நம்ம கம்பெனி இல்லண்ணே. மல்லாங்கிணறு பக்கம்னு சொல்லுதாக.”

“இடுப்பக் காட்டுலே.”

சட்டையைத் தூக்கினான். புதுக் கறுப்புக் கயிறு மட்டும் இருந்தது. பக்கத்தில் எங்கோ அம்மா அம்மியில் எதையோ வைத்து நச்சுநச்சென்று தட்டுகிற சத்தம். இப்போதெல்லாம் அவள் எல்லாவற்றையும் சத்தமாகத்தான் செய்கிறாளாம்.

“நாளைக்கு வேலையாலே?”

“ஆமாண்ணே.”

“பயமா இருக்கா?”

சட்டையை இறக்கிவிட்டான். “இருக்குண்ணே. ரொம்ப இருக்கு.”

“இருக்கட்டும்லே” என்றேன். “அதை மட்டும் கழத்தி வச்சிராத.”

போனை மேஜைமேல் மெதுவாக வைத்தேன். குவளை எடுத்த அலமாரி திறந்தே கிடந்தது. அதன் கதவை இரண்டு கையாலும் பிடித்து, சத்தம் வராமல் கொண்டுபோய்ச் சாத்தினேன். அடுத்த அறையில் நிலா தாழ்ப்பாளைத் திறந்தாள்.